பதினோராவது உதை

வணக்கம். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், இந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி என்று கரையோரம் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வலையைச் சரிபண்ணிக்கொண்டும் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டும் இருப்பவர்கள் அப்படியே வேலையைப் பாருங்கள். காது மட்டும் இங்கே இருந்தால் போதும்.

நான் 27 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண் பிள்ளைகளின் கால்பந்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2024 பிப்ரவரி 8. வங்கதேசத்தின் டாக்கா நகரம். தெற்காசிய நாடுகளின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் அணிகளுக்கான போட்டி. சாஃப் போட்டி என்பார்கள். இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூடான் என்று நான்கு அணிகள் ஆடி, இறுதி ஆட்டத்துக்கு நம் பிள்ளைகளும் வங்கதேசப் பிள்ளைகளும் வந்தார்கள். எட்டாவது நிமிடத்திலேயே நாம் கோல் போட்டுவிட்டோம். அதன் பிறகு ஆட்டம் முழுக்க அந்த ஒரு கோலைக் காத்துக்கொண்டே வந்து, 90 நிமிடமும் முடிந்து, நின்ற நேரத்துக்காகச் சேர்த்துத் தருகிற சில நிமிடங்களில் வங்கதேசம் கோல் போட்டது. 1-1. சரி, பெனால்டி.

பெனால்டி உங்களுக்குத் தெரியும். பந்தை வைத்துவிட்டு எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். உதைக்கிறவள் ஒருத்தி, கோல் காக்கிறவள் ஒருத்தி. நடுவில் 11 மீட்டர். முதலில் அணிக்கு ஐந்து. அதிலும் சமம் என்றால் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். சாதாரணமாக ஆறு, ஏழு, எட்டில் யாராவது ஒருத்தி தவறவிட்டு முடிந்துவிடும். அன்றைக்கு முடியவில்லை. பத்தாவது ஆளும் உதைத்தாயிற்று. கடைசியில் இரண்டு கோல்கீப்பர்களும் வந்து உதைத்தார்கள். அதுவும் கோல். 11-11. இதை இன்னொரு தடவை சொல்கிறேன், வானொலியில் கேட்கிறவர்களுக்கு எண் சட்டென்று நழுவிவிடும்: இரண்டு பக்கமும் சேர்த்து 22 பிள்ளைகள் உதைத்தார்கள், 22 பேரும் கோல் போட்டார்கள். ஒருத்திகூடத் தவறவிடவில்லை.

சட்டப்படி அடுத்து என்ன? மறுபடியும் முதலிலிருந்து உதைக்க வேண்டும். முடிவு தெரியும்வரை. ஆனால் அங்கே போட்டி அதிகாரி நாணயம் சுண்டச் சொல்லிவிட்டார். சுண்டினார்கள். இந்தியா ஜெயித்தது என்று அறிவித்தார்கள். நம் பிள்ளைகள் கொண்டாடினார்கள், வங்கதேசப் பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போக மறுத்தார்கள். நீண்ட நேரம் கழித்து இரண்டு அணியும் கூட்டாக வெற்றி என்று முடித்தார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் சொந்தக் கதை.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிகள் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் கோல்கீப்பரின் அம்மா தென்கடல் பக்கம் தீவோரத்தில் கடல்பாசி எடுக்கிறவர். பாசி எடுக்கிற அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள், பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். கையுறை வாங்கக் காசு இல்லாததால், அம்மா சுற்றுகிற மாதிரியே இந்தப் பிள்ளையும் பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு அவள் பிடித்த பந்துகளை இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். ஆட்டம் சமம். பெனால்டியில் ஐந்தும் சமம். இருட்டுகிறது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி, நடத்தியவர்கள் காசைச் சுண்டிவிட்டார்கள். நாங்கள் தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் விரல் துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: “டீச்சர், காசு சுண்டுறதுக்கு நான் எதுக்கு டீச்சர் துணி சுத்திட்டு வந்தேன்?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முன்பு பெரியவர்கள் ஆட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது. 1968இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் அணியும் கோலே இல்லாமல் சமமாக ஆட, நாணயம் சுண்டித்தான் இத்தாலி இறுதிக்குப் போனது. அது தப்பு என்று உணர்ந்துதான் 1970இல் பெனால்டி முறையைச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஐம்பது வருடம் தாண்டியும் பெண் பிள்ளைகள் ஆட்டம் என்றால் காசை எடுக்கிறார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

அந்த பஸ் பயணத்துக்கு அப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்தேன். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருத்தியும் ஒரு பெனால்டி உதைக்க வேண்டும். பதினோராவது ஆளும், வெளியே உட்கார்ந்திருக்கிற பிள்ளையும், கோல்கீப்பரும். நமக்கு மணல் தரை, அதிலும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்து வைத்த இடத்தில் நிற்காது, தூக்கி அடித்தால் காற்று கொண்டுபோய்விடும். அதனால் எங்கள் பிள்ளைகள் குதிகாலால் மணலில் சின்னக் குழி பண்ணிப் பந்தை வைத்து, தரையோடு தரையாக மூலைக்கு அனுப்பப் பழகினார்கள். புல் மைதானத்துக்குப் போனபோது அந்த உதையைத் தடுக்கிறவர்கள் திணறினார்கள்.

டாக்காவில் 22 பேரும் கோல் போட்டார்கள் என்றால் அந்த இரண்டு நாட்டிலும் யாரோ பதினோராவது பிள்ளைக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வங்கதேசத்தில் மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலய எல்லையோரம், கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் பந்து உதைத்துப் பழகிய பிள்ளைகள் பல பேர் அந்த நாட்டு அணிக்கே ஆடினார்கள். 2017இல் 15 வயதுக்குட்பட்ட சாஃப் இறுதி ஆட்டத்தில் நம்மை 1-0 என்று வென்றது வங்கதேசம். பின்னால் 2022, 2024 இரண்டு வருடமும் பெரியவர்களின் சாஃப் கோப்பையும் அவர்களுக்குத்தான். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மட்டும் என்ன? 2018இல் மணிப்பூரையே இறுதியில் 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார். கடலூருக்கும் நமக்கும் ஒரே கடல்தானே.

நம் ஊரில் குறை மைதானத்தில் இருக்கிறது. மைதானம் உண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு அது பையன்களிடம் இருக்கும். மீன்பிடித் தடைக்கால 61 நாளும் பெரியவர்களும் வந்து சேர்ந்துகொள்வார்கள். பையன்களை விரட்டச் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம், பெண் பிள்ளைகளுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லி முடிவு செய்துகொடுங்கள். இதைத்தான் இருபது வருடமாகக் கேட்கிறேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். சாப்பாடு, பூட்ஸ் பற்றியெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட முடியாது. வயது வரம்பு உள்ள போட்டிகளில் பிறந்த தேதிதான் முதல் கேள்வி. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று இருந்தால் நல்ல பிள்ளையையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேர் அப்படி நின்றிருக்கிறார்கள். இந்த வாரமே மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரில் எழுத்தும், அப்பா பெயரின் தலைப்பெழுத்தும்கூட ஒன்றாக இருக்க வேண்டும். தப்பு இருந்தால் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள். போட்டி அறிவித்த பிறகு ஓடினால் கைக்கு வராது. வணக்கம்.