டீக்கடை கிளாஸும் செக் நாட்டுக் கண்ணாடியும்: 1967 ஜாவாவுக்கு ஹெட்லைட் தேடிய கதை

(திரையில்: இரவு. ஏற்காடு மலைப்பாதை. எதிரே இறங்கும் பஸ் மூன்று முறை லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிறது. நீளமான ஹார்ன்.)

இந்த டிரைவர் என்னைத் திட்டுகிறார். வார்த்தை கேட்கவில்லை, ஆனால் ஹார்ன் அடிக்கிற விதத்திலேயே என் பரம்பரை முழுக்க வந்துவிட்டது. இத்தனைக்கும் நான் டிம்மில்தான் வருகிறேன். பல்பு வெறும் 35 வாட். பேட்டரி 6 வோல்ட். வண்டிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்படியும் அவருக்குக் கண் கூசுகிறது. காரணம் என்ன தெரியுமா? இந்த ஹெட்லைட், தான் இன்னும் செக் நாட்டு ரோட்டில் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது!

(டைட்டில் மியூசிக்)

வணக்கம் மக்களே. சேலத்திலிருந்து உங்கள் பழைய வண்டிப் பைத்தியம் பேசுகிறேன். இன்றைக்கு விஷயம் ஒரே ஒரு ஹெட்லைட் கண்ணாடி. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் கடைசிவரை பாருங்கள், உங்கள் காசு மிச்சம்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். வண்டி என் மாமாவுடையது, 1967 ஜாவா 250. ஜாவா என்பது 1929-ல் செக் நாட்டில் பிறந்த பெயர். யானெச்செக் என்பவர் வாண்டரர் என்கிற ஜெர்மன் வண்டியின் உரிமையை வாங்கினார், இரண்டு பெயரிலும் முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்து ஜாவா ஆக்கினார். நம் நாட்டில் மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-லிருந்து அதைச் செய்தது, பிறகு யெஸ்டி என்று பெயர் மாறியது, 1996-ல் கதவைச் சாத்தினார்கள். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிக்கரும் கியரும் ஒரே லீவர். அவ்வளவுதான், வரலாறு முடிந்தது.

கண்ணாடி எப்படி உடைந்தது? கோரிமேடு தாண்டி முன்னால் போன லாரியின் டயரில் இருந்து ஒரு கல் தெறித்தது. நாங்கள் இருப்பது மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் கிடைக்கிற ஊர், அதனால் அது சாதாரணக் கல் இல்லை, வெள்ளைக்கல்தான் என்று மாமா இன்றுவரை சாதிக்கிறார். எந்தக் கல்லாக இருந்தால் என்ன, கண்ணாடி போச்சு.

இங்கே என் முதல் முட்டாள்தனம். கண்ணாடிதானே, காற்றும் மழையும் உள்ளே போகாமல் மூடி வைக்கிற சமாச்சாரம்தானே என்று நினைத்தேன். படத்துக்கு ஃபிரேம் போடுகிற கடைக்குப் போய், வெறும் கண்ணாடியை வட்டமாக வெட்டி வாங்கி மாட்டிவிட்டேன். பார்க்கவும் பளிச்சென்று இருந்தது. "புது வண்டி மாதிரி இருக்குடா" என்று மாமாவே சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி ஏற்காடு ஏறினோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், உங்களுக்குத் தெரியும். நேர் ரோட்டில் வெளிச்சம் அமர்க்களம். தூரத்தில் இருக்கிற மரத்தின் பட்டைகூடத் தெரிகிறது. முதல் வளைவில் வண்டியைத் திருப்பினால் எதுவுமே தெரியவில்லை. எதிரே தடுப்புச்சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெளிச்சம், சுற்றிலும் கும்மிருட்டு. ரோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பின்னால் உட்கார்ந்திருந்த மாமா வாயால் சொல்லச் சொல்ல ஓட்டினேன். அவரும் பாதி வளைவுகளில் இடது வலது மாற்றித்தான் சொன்னார்.

ஏன் இப்படி? இதற்கு ஒரு டீக்கடை கிளாஸ் வேண்டும். கோடு கோடாக, மேலிருந்து கீழே பட்டை போட்ட கிளாஸ் இருக்கிறதே, அதுதான். வீட்டில் லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை அந்தப் பட்டைகள் வழியாகச் சுவரில் அடியுங்கள். வீடியோவை நிறுத்திவிட்டுப் போய்ச் செய்து பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

(திரையில்: கிளாஸ் வழியாக வெளிச்சம் சுவரில் இடமும் வலமும் இழுபட்டு விழுகிறது.)

பார்த்தீர்களா? வெளிச்சம் மேலும் கீழும் பரவவில்லை, பக்கவாட்டில் பரவுகிறது. நெட்டுக்குத்தான ஒவ்வொரு பட்டையும் ஒரு குட்டி லென்ஸ். பழைய ஹெட்லைட் கண்ணாடியில் இருக்கிற கோடுகள் அழகுக்குப் போட்டவை என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே இருக்கிற ரிஃப்ளெக்டர் கிண்ணம் வெளிச்சத்தைக் குழாய் போல நேராக அனுப்பும். அதைப் பிரித்து ரோட்டின் அகலத்துக்குப் பரப்புவது இந்தக் கோடுகள். நடுவில் சில இடங்களில் சாய்வாக ஆப்பு மாதிரி கண்ணாடி தடித்திருக்கும், அது வெளிச்சத்தைக் கீழே மடக்கும். மொத்தத்தில், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது அந்தக் கண்ணாடிதான். வெறும் கண்ணாடியை மாட்டிய நான் ஜாவாவை டார்ச் லைட் ஆக்கிவிட்டேன்.

சரி, ஒரிஜினலே வாங்கிவிடுவோம் என்று அடுத்த முட்டாள்தனம். செக் நாட்டில் பழைய ஜாவாவுக்கு இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த செட்டாக வரவழைத்தேன். விலையை இங்கே சொல்ல மாட்டேன், என் வீட்டிலும் இந்த வீடியோவைப் பார்ப்பார்கள். ரிங்கில் கச்சிதமாக உட்கார்ந்தது, கிளிப்பெல்லாம் சொடக்குப் போட்ட மாதிரி விழுந்தது. அன்றைக்கு எடுத்ததுதான் வீடியோ ஆரம்பத்தில் பார்த்த பஸ் காட்சி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி ஹெட்லைட்டில் டிம் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாது. எதிரே வண்டி வருகிற பக்கம் வெளிச்சத்தின் மேல்கோடு தட்டையாக, தாழ்ந்து நிற்கும். ரோட்டோரப் பக்கம் மட்டும் ஒரு சரிவு போல மேலே ஏறும். ஓரமாக நடந்து போகிறவர், சைக்கிள், கைகாட்டி எல்லாம் தெரிவதற்காக. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே நமக்குச் சரிவு இடது பக்கம். செக் நாட்டில் வலது பக்கம் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு வலது பக்கம். அந்தச் செட்டை இங்கே மாட்டினால், தூக்கிவிட்ட வெளிச்சம் நேராக எதிரே வருகிற டிரைவரின் முகத்தில். நம் ரோட்டோரத்தில் நடக்கிறவர் இருட்டில். இதைவிடத் தப்பாக ஒரு லைட்டை வடிவமைக்கவே முடியாது!

இதை வாங்கும்போதே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் எரிச்சல். ஐரோப்பிய விதிப்படி செய்த ஹெட்லைட்டில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண், ஒப்புதல் கொடுத்த நாடு. 1 ஜெர்மனி, 8 செக், 11 பிரிட்டன். பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டுக்கு முன்னால் நின்று பார்க்கிற உங்களுக்கு அம்பு வலது பக்கம் காட்டினால், அது இடது பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கானது, நமக்கு ஆகும். அம்பே இல்லையென்றால் வலது பக்கம் ஓட்டுகிறவர்களுக்கானது. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். என் செட்டில் அம்பே இல்லை. இல்லாத ஒன்றை எப்படித் தேடுவது, நீங்களே சொல்லுங்கள்.

இந்த அம்பைப் பற்றிப் படித்தபோது ஒரு கதை கிடைத்தது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை, இரண்டு நிமிடம் பொறுங்கள்.

மாமாவின் ஜாவா பிறந்த அதே 1967. செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 5 மணி. சுவீடன் நாடு முழுவதும் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறியது. ஒரே காலையில்! 1955-ல் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியபோது நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் "வேண்டாம், இடதே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார்கள். அரசாங்கம் கேட்கவில்லை. இன்னும் வேடிக்கை, அங்கே பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் அப்போதே இடது பக்கம்தான் இருந்தது. இடது பக்கம் ஓட்டிக்கொண்டு, இடது பக்கமே உட்கார்ந்து ஓவர்டேக் செய்திருக்கிறார்கள். நம் ஊர் மினி பஸ் டிரைவர்களே கும்பிட்டிருப்பார்கள்.

பஸ்ஸுக்கு வாசலை மாற்ற வேண்டும், சிக்னலை மாற்ற வேண்டும், இதெல்லாம் எல்லோரும் யோசிப்பது. யாரும் யோசிக்காதது ஹெட்லைட். நாட்டில் ஓடுகிற அத்தனை வண்டிக்கும் ஹெட்லைட்டை மாற்ற வேண்டியிருந்தது, நான் இப்போது சொன்ன அதே சரிவு காரணமாக. இந்த மாற்றத்தை மேலும் தள்ளிப்போடாததற்கு ஒரு காரணமும் ஹெட்லைட்தான். அதுவரை பல கார்களுக்கும் ஒரே அளவில், மலிவான வட்ட லைட். அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் தனி வடிவத்தில் விலை கூடிய லைட் போட ஆரம்பித்திருந்தன. தள்ளிப்போட்டால் செலவு எகிறும். ஒரு நாடே ஹெட்லைட் விலையைப் பார்த்து அவசரப்பட்டிருக்கிறது. நான் ஒரே ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு அலைந்ததில் தப்பே இல்லை என்று அப்போதுதான் நிம்மதி வந்தது.

சரி, சேலத்துக்கு வருவோம். கதையோடு ஒரு வைத்தியமும் கிடைத்தது. பிரிட்டனில் இருந்து காரோடு பிரான்சுக்குப் போகிறவர்கள், கண்ணாடியில் அந்தச் சரிவு வருகிற இடத்தை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பார்கள். நானும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஆப்புத் துண்டு போல வெட்டி, சுவரில் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். பஸ்கள் திட்டுவது நின்றது. ஆனால் ஜாவா கண்ணில் கட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது என்று மாமா மூன்று நாள் வண்டியைத் தொடவில்லை.

பிறகுதான் செய்ய வேண்டியதை முதலில் இருந்து செய்தேன். உடைந்த பழைய கண்ணாடியின் சில்லுகளை மேஜையில் சேர்த்து வைத்து அளந்தேன். வெளியே தெரிகிற வட்டத்தை அளக்காதீர்கள், ரிங் அதில் கொஞ்சம் மறைத்துவிடும். கண்ணாடியின் முழு விட்டம், விளிம்பின் தடிமன், நடுவில் எவ்வளவு புடைத்திருக்கிறது, இந்த மூன்றும் வேண்டும். புல்லட்காரர்களே, நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்கு 7 அங்குல வட்டம். அம்பாசடரும் அதே அளவு, ஜீப்பும் அதே அளவு, எங்கே போனாலும் கிடைக்கும். கொடுத்து வைத்தவர்கள்.

அளவை எழுதிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் காயலான் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பெரியவர் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார். டிராக்டர், ஆட்டோ, ஸ்கூட்டர், எது எதனுடையதோ. "எந்த வண்டிதுங்க ஐயா?" என்றால், "அது வண்டி இருந்தப்ப கேட்டிருக்கணும் தம்பி" என்கிறார். அதில் ஒன்று, கோடுகள் எல்லாம் எங்கள் பழைய கண்ணாடியைப் போலவே, மேல்பக்கம் எது என்ற குறியோடு. விட்டம் மட்டும் 2 மில்லிமீட்டர் கூட.

2 மில்லிமீட்டரைத் தேய்த்துவிடலாம். ஆனால் டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி என்றால் சாணைக்கல் பட்டதும் பொரிகடலை மாதிரி சிதறிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பிடித்த தந்திரம் இது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் வெள்ளைத் திரை வைத்து, கண்ணாடியை அதன் முன்னால் பிடித்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். திரை இருண்டு போகிற கோணத்தில், உள்ளே இறுக்கம் இருக்கிற கண்ணாடி வானவில் மாதிரி திட்டுத் திட்டாக நிறம் காட்டும். அப்படிக் காட்டினால் தொடாதீர்கள். எனக்கு ஒரு நிறமும் தெரியவில்லை. பீரோ கண்ணாடிக்கு விளிம்பு தீட்டுகிற பட்டறையில், தண்ணீர் விட்டு விட்டு, ஒரு மணி நேரம் தேய்த்துக் கொடுத்தார்கள்.

மாட்டியதும் ரோட்டுக்கு ஓடாதீர்கள். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுகிறவர் மேலே உட்கார வேண்டும், ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே போகும். ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள், டிம்மின் மேல்கோடு அதற்கு ஒரு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மங்கலாக இருக்கிறதே என்று உடனே கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள். 6 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த எர்த், பழைய ஒயர், இதிலேயே வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போனால் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் காணாமல் போகும். மாமா வண்டியில் எர்த் போல்ட்டைச் சுரண்டியதுமே வித்தியாசம் தெரிந்தது.

(திரையில்: மறுபடி ஏற்காடு பாதை, இரவு.)

நேற்று எடுத்தது. மாமா ஓட்டுகிறார், நான் பின்னால் கேமராவோடு. இடது பக்கம் பாறை, ஓரத்து வெள்ளைக்கோடு, மைல்கல்லில் எழுத்து, எல்லாம் தெரிகிறது பாருங்கள். இதோ ஒரு பஸ் வருகிறது. டிம் அடித்தார், மாமாவும் டிம் அடித்தார், போய்விட்டார். ஹார்ன் இல்லை.

"என்ன மாமா, இப்ப எப்படி இருக்கு?"

"லைட்டு சரிடா. ஸ்பீடாமீட்டர் முள்ளு எங்கடா?"

முள் உண்மையிலேயே கீழே விழுந்து கிடக்கிறது. ஹெட்லைட்டும் மீட்டரும் உட்கார்கிற டூமைக் கழற்றியபோது நான்தான் ஏதோ இடித்திருக்கிறேன். உங்களில் யாரிடமாவது பழைய ஜாவா மீட்டர் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். அந்தச் செக் செட்டைத் தந்துவிடுகிறேன், டேப்போடு.