படத்தில் தெரியாத சாய்வு

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். புது வீடு கட்டுகிறவர்கள் வந்ததும் முதலில் நீட்டுவது செல்போனைத்தான். "இதே மாதிரி வேணும்" என்பார்கள். பனி பெய்கிற ஏதோ ஊரில் எடுத்த படமாக இருக்கும். கண்ணாடிச் சுவர், வெள்ளை சோபா. ஆனி ஆடிச் சாரலில் நாலு நாள் போடாத செருப்பே பூஞ்சை பிடிக்கிற ஊர் நம்முடையது. அந்த சோபா எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும் என்று கேட்டால் கோபம் வரும். அதனால் கேட்பதில்லை. "ஞாயிற்றுக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை வரைக்கும் போயிட்டு வருவோமா?" என்பேன்.

"சின்ன வயசுல ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்களே" என்று இழுப்பார்கள். பார்த்தது எது? ஒரே பலா மரத்தில் செதுக்கிய தூண், பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் தொங்கும் குதிரை விளக்கு, கருங்கல் கட்டில். வழிகாட்டி விரல் நீட்டுகிற இடத்தையெல்லாம் பார்த்திருப்போம். 1956-ல் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் திருவிதாங்கூர் ராஜாக்களின் இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். திங்கட்கிழமை மூடியிருக்கும், வீணாக அலையாதீர்கள்.

நான் போனால் மாடியில், தெருவைப் பார்த்த சாய்வுச் சட்டங்களுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். கம்பி கிடையாது, கண்ணாடி கிடையாது. விரற்கடை இடைவெளி விட்டு அடுக்கிய மரச்சட்டங்கள். ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் தாழ்ந்து, உள்பக்கம் உயர்ந்து நிற்கும். உள்ளே நிற்பவர் கண் அந்தச் சரிவில் இறங்கி நேரே தெருவுக்குப் போகும். கீழே நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் கூரையின் இருட்டு மட்டும்தான். மழைத் தண்ணீர் சட்டத்தின் மேல் விழுந்து வெளியே வடியும். காற்றுக்குத் தடையில்லை. ராஜ குடும்பத்துப் பெண்கள் வெளியே தெரியாமல் ஊர்வலம் பார்க்க வேண்டும், ஆனால் புழுங்கக்கூடாது. அந்தத் தேவையில் பிறந்த அழகு அது.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, முதல் தடவை செய்தபோது கோட்டை விட்டேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீடு. மாடி வராந்தா மேற்கே பார்த்தது, சாயங்கால வெயில் சுள்ளென்று அடிக்கும். அரண்மனையில் எடுத்த படத்தை வைத்து அயினி மரத்தில் சட்டம் அடிக்கச் சொன்னேன். பார்க்க அச்சு அசல் அதேதான். முதல் மழையிலேயே வராந்தாவில் கணுக்கால் நனைகிற தண்ணீர். சாய்வை உள்பக்கமாக வைத்து வரைந்திருக்கிறேன்! படத்தில் சட்டம் தெரிந்தது, எந்தப் பக்கம் தாழ்வு என்பது தெரியவில்லை. வயதான ஆசாரி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "படம் எடுத்தீயே மக்களே, ஒருக்கா கைய வச்சுத் தடவிப் பாத்தியா?"

தடவிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் பையில் அளவு நாடா இருக்கும். பிடித்த ஜன்னலைப் பார்த்தால் உயரம் அளப்பேன், திண்ணையில் உட்கார்ந்து முதுகு எங்கே சாய்கிறது என்று பார்ப்பேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய காபி ஹவுஸ் இருக்கிறது. சுருண்டு ஏறும் சரிவுப் பாதை, சுவரோடு சேர்த்துக் கட்டிய மேசையும் பெஞ்சும், செங்கல் ஓட்டைகள் வழியாக வரும் வெளிச்சம். சின்ன வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு இடமில்லை என்று புலம்புகிறவர்களை அங்கே ஒரு காபி குடித்துவிட்டு வரச் சொல்வேன். நகர்த்த முடியாத மேசை இடத்தை அடைக்கும் என்றுதான் தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் நாலு நாற்காலி இழுக்கிற இடம் மிச்சம்.

நிறத்துக்கு நான் கடை அட்டையைப் புரட்டுவதில்லை. குலசேகரம் பக்கம் ஒரு புகைப்புரையில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. வாசல் வெளிச்சத்துக்கு ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்கள். தேன் நிறம், ஓரத்தில் கருப்பட்டிப் பாகு, நடுவில் கோடு கோடாக வெளிச்சம். வாடைதான் தாங்காது. அந்த நிறத்தில் திரைச்சீலை தேடி மூன்று ஊர் அலைந்தேன். சாயங்கால வெயில் பட்டதும் அறை முழுக்க அதே தேன் நிறம் இறங்கியது. ரப்பர் வெட்டுகிற வீட்டுக்காரருக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது.

சரி, அந்த மார்த்தாண்டம் வீட்டுக்கு வருகிறேன். சட்டங்களைக் கழற்றி, என் செலவில், திருப்பி மாட்டினோம். அடுத்த மழை உள்ளே வரவில்லை. வெயிலும் அடங்கியது. வீட்டுக்காரரின் அம்மா இப்போது அதன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தெருவில் யார் போனாலும் உள்ளே தகவல் வரும். போன வாரம் நான் கேட்டைத் திறப்பதற்குள்ளேயே மேலேயிருந்து குரல் வந்தது: "மழைய உள்ள விட்ட பிள்ளை வந்திருக்கு, சாயா போடு."