பால் கேனில் வந்த எலி மருந்து

வணக்கம். முப்பது வருஷம் மருந்துக் கவுண்டரில் நின்றவன் நான். புற்றுநோய் மருந்தோடு வேறு மருந்து சேர்ந்தால் வரும் ரத்தக்கசிவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆனால் ஒரு பால் கேனிலிருந்துதான் ஆரம்பிப்பேன், என் பழக்கம் அப்படி.

1933 பிப்ரவரி, அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனிப்புயல். ஒரு விவசாயி செத்த கிடேரியையும், பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனப்புல்லையும் ஏற்றிக்கொண்டு கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் வந்து, கார்ல் லிங்க் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறார். உறையவே உறையாத ரத்தம், யோசித்துப் பாருங்கள்! அந்தப் புல்லுக்குள் இருந்த சரக்கைப் பிரித்தெடுக்க 1939 ஆகிவிட்டது. அதன் வழியில் வந்ததுதான், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். 1948ல் எலி மருந்தாக விற்றது, 1955ல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் மாரடைப்புக்கே மருந்தாகப் போனது. நம்மூரில் இதய வால்வு மாற்றியவர்கள் போடும் அசிட்ரோம் மாத்திரையும் இதே குடும்பம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குடல், மார்பகப் புற்றுநோய்க்குக் கெபசிடபின் என்று ஒரு மாத்திரை உண்டு. வீட்டிலேயே பதினாலு நாள் போட்டுவிட்டு ஏழு நாள் விடுவார்கள். வார்ஃபரினை ஈரல் வடித்து வெளியே அனுப்பும் மடையை இது அடைத்துவிடும். தினம் ஊற்றும் தண்ணீர் அதே அளவுதான், மடை அடைத்தால் குளம் தளும்பாமல் என்ன செய்யும்?

ஒரு அம்மா மஞ்சப்பையைக் கவுண்டரில் கவிழ்த்தார். இதய டாக்டர் ஃபைலில் வார்ஃபரின், கீமோ ஃபைலில் கெபசிடபின், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. "பல் தேய்ச்சா ரத்தம் வருது தம்பி, பிரஷ்ஷை மாத்திட்டேன்" என்றார். அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு, மூன்றுக்குள் இருக்க வேண்டியது, ஏழைத் தாண்டியிருந்தது. பிரஷ் மேல் பழி! கெபசிடபின் ஆரம்பித்த சில நாளிலும் இது வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம், நிறுத்தி ஒரு மாதத்துக்குள்கூட வந்திருக்கிறது. அதனால் ஐஎன்ஆரை அடிக்கடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், அது வேறு ஆபத்து.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான இப்ருடினிப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையே ஒட்டவிடாது, அதோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால்... நேரமில்லை. கீமோ சமயத்தில் மூட்டுவலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதுவும் ரத்தக்கசிவைக் கூட்டும். அப்புறம், மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், விடியட்டும் என்று இருக்காமல் அந்த ராத்திரியே கிளம்புங்கள், மஞ்சப்பையோடு.