பேசியது ஸானடு, ஓடியது வெப்

[திரையில்: 1960]

உலகத்தில் எழுதப்பட்ட அத்தனையையும் ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு கணினி அமைப்பு. இந்த யோசனை டெட் நெல்சன் என்ற அமெரிக்கருக்கு 1960-லேயே வந்துவிட்டது. அதற்கு ஸானடு என்று பெயர் வைத்தார். இப்படி இணைப்புகளால் கோத்த எழுத்துக்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லைத் தந்தவரும் அவர்தான்.

ஸானடுவில் எந்த இணைப்பும் அறுந்துபோகாது. யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்பது இரண்டு பக்கமும் தெரியும். மூலத்தை எழுதியவருக்குச் சிறு தொகை தானாகப் போய்ச்சேரும். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? பல வருடங்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 2014-ல் ஓபன்ஸானடு என்று ஒரு மாதிரி வடிவம் வெளிவந்தபோது, உலகம் வேறொன்றைப் பழகி முடித்திருந்தது.

[திரையில்: செர்ன் ஆய்வகம், 1989]

அந்த வேறொன்று, இன்று நாம் பக்கம் பக்கமாகத் திறந்து பார்க்கும் வெப். அதுவும் பேச்சில்தான் தொடங்கியது. 1989 மார்ச்சில், செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ அதற்கு ஒரு முன்மொழிவு எழுதிக் கொடுத்தார். அவருடைய மேலாளர் மைக் செண்டால் அதன் மேலே கிறுக்கிய குறிப்பின் சாரம்: தெளிவாக இல்லை, ஆனாலும் ஆர்வத்தைத் தூண்டுகிறது. அந்தத் தாளையே இன்னும் பத்து முறை மெருகேற்றிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் 1990-ல் நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினி ஒன்று கைக்கு வந்ததும் கட்ட உட்கார்ந்தார். அந்த வருடம் முடிவதற்குள் பக்கங்களைக் காட்டும் பிரவுசரும், அவற்றைக் கேட்டவருக்கு அனுப்பும் சர்வரும் ஓடத் தொடங்கின. 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி அந்தக் கணினியில் ஒட்டியிருந்தார்கள்.

கட்ட உட்கார்ந்தால் சில முடிவுகளை எடுத்தே தீர வேண்டும். இணைப்பு அறுபடவே கூடாது என்றால், எல்லா இணைப்பையும் யாராவது ஓரிடத்தில் கணக்கு வைக்க வேண்டும். பெர்னர்ஸ்-லீ அதை விட்டுவிட்டார். பக்கம் போனால் போகட்டும், 'கிடைக்கவில்லை' என்பதற்கான '404' வரட்டும். நெல்சன் இதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார். அதில் நியாயமும் உண்டு, செத்த இணைப்புகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஒரு குறையால்தான் யார் வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல், சர்வர் தொடங்க முடிந்தது.

சரி, முதலில் இதை யார் பயன்படுத்தினார்கள்? செர்னில் ஒருவரின் தொலைபேசி எண் வேண்டுமென்றால் மெயின்பிரேம் என்ற பெரிய மையக் கணினியில் லாகின் செய்ய வேண்டியிருந்தது. அந்த எண் பட்டியலை வெப்பில் போட்டார்கள். மனித அறிவையெல்லாம் இணைக்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தால் அங்கே பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள் என்பது என் அனுமானம். போன் நம்பருக்கு வந்தார்கள்.

[திரையில்: 2009]

அப்புறம் ஏன் பேச்சிலேயே நின்றுவிடுகிறோம்? உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் உடன் ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. சட்ட மாணவர்கள் தங்கள் நோக்கத்தைச் சொல்ல, அதை இன்னொருவர் கவனித்துவிட்டால், பிறகு அவர்கள் உழைத்த நேரம் குறைந்தது. நல்ல வழக்கறிஞர் ஆகிவிட்ட நிறைவு பாதி அப்போதே கிடைத்துவிடுகிறது. செய்யாத வேலைக்கு முன்பணம் வாங்கிக்கொள்வது மாதிரி.

[திரையில்: இரண்டு கணினிகள், நடுவில் ஒரு கோடு]

இதற்காகப் பேசவே கூடாது என்று வாயைக் கட்டவும் வேண்டாம். இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் விவாதத்துக்குப் பஞ்சமே கிடையாது. அங்கே கணினி அறிவியலாளர் டேவிட் கிளார்க் 1992-ல் சொன்னது இன்றும் நடைமுறை: ஓரளவு ஒத்த கருத்து, கூடவே ஓடுகிற நிரல். 1996-ல் எழுதிய விதிப்படி, ஒரு முன்மொழிவு அடுத்த கட்டத்துக்குப் போக, குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாக அதைக் கட்டிக்காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கவும் வேண்டும். எழுதியவர் மனதில் மட்டும் இருந்து தாளில் விட்டுப்போன வரி, அந்த இரண்டாவது ஆள் கட்டும்போது மாட்டிக்கொள்ளும்.