செய்தவர் யார் என்று கேட்கும் வகுப்பு

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஈரோடு மாவட்டத்துக் கிராமப்புறப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இலக்கணத்தையும் ஒரு நாவலையும் சேர்த்து நடத்திப் பார்த்ததைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். அந்த நாவல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த ‘நைன்டீன் எய்ட்டி ஃபோர்’. வருங்காலம் எவ்வளவு கெட்டுப்போகக்கூடும் என்று கற்பனை செய்து பார்க்கும் இவ்வகை நாவல்களை ஆங்கிலத்தில் டிஸ்டோப்பியா என்பார்கள். பாடத்திட்டத்தில் இந்த நூல் கிடையாது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமையாகும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆர்வெல் 1950இல் இறந்ததால் 2011 முதல் எவரும் இதைப் படியெடுத்துக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன்.

இதற்கு நான் வந்து சேர்ந்த வழி அவ்வளவு பெருமைக்குரியதல்ல. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பாடத்தை எல்லோரையும் போலவே நானும் நடத்திக்கொண்டிருந்தேன். செயப்படுபொருளை முன்னால் கொண்டுவா, காலத்துக்கேற்ற துணைவினையைப் போடு, வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது, ‘பை’ போட்டுச் செய்தவரைக் கடைசியில் தள்ளு. பிள்ளைகளும் தறியில் தார் மாற்றுவதுபோல மளமளவென்று மாற்றிக் கொடுப்பார்கள். ஒருநாள் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “ஏனுங்க சார், நேராச் சொன்னதை எதுக்குங்க இப்படித் திருப்பிச் சொல்லோணும்?” என்று கேட்டான். “ரெண்டு மார்க்குக்குடா சாமி” என்றேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். சாயங்காலம் பேருந்தில் வரும்போது, அந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு பதிலே இல்லை என்பது உறைத்தது.

பதில் எங்கள் பேச்சிலேயே இருந்தது. வகுப்பறைச் சன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. யார் உடைத்தது என்று கேட்டால், நாற்பது பேரும் சேர்ந்து, “ஒடஞ்சு போச்சுங்க சார்” என்றார்கள். உடைத்தான் என்றால் உடைத்த ஒருவன் வேண்டும். உடைந்தது என்றால் கண்ணாடியே போதும். தறிக்குடோனில் நூல் ‘அறுந்து போகும்’, மண்டியில் எடை ‘கொறஞ்சு போகும்’, யாரும் எதுவும் செய்ததில்லை. செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கு உண்டு என்று தொல்காப்பியம் எப்போதோ சொல்லிவிட்டது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது. மெழுகிய கை ஒன்று உண்டு, வாக்கியத்தில் அந்தக் கைக்கு இடமில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்ன பிறகுதான் செயப்பாட்டுவினை எதற்கு என்ற கேள்விக்கு வகுப்பில் உயிர் வந்தது.

அடுத்த வாரம் நாவலிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்தேன். கதை நடக்கும் நாட்டில் ஆளும் கட்சிக்கு வேண்டாதவர்கள் இரவோடு இரவாகக் காணாமல் போய்விடுவார்கள். அதைச் சொல்லும் பத்தியில் வினைகள் வரிசையாகச் செயப்பாட்டுவினைகள்: பெயர் பதிவேடுகளிலிருந்து நீக்கப்பட்டது, நீ செய்தவை பற்றிய குறிப்புகள் யாவும் துடைக்கப்பட்டன, நீ இருந்தாய் என்பதே மறுக்கப்பட்டது, பிறகு மறக்கப்பட்டது. ஓரிடத்தில்கூட ‘பை’ இல்லை. அரசியல் மொழியைப் பற்றி 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், செய்வினை போதுமான இடத்தில் செயப்பாட்டுவினையைத் தொடாதே என்று விதி வகுத்தவர் இதே ஆர்வெல். அப்படிப்பட்டவர் இங்கே அடுக்கடுக்காக எழுதினார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

இவற்றைச் செய்வினையாக மாற்றுங்கள் என்றேன். வழக்கத்துக்குத் தலைகீழான வேலை. எழுவாய் வேண்டுமே? பாதிப்பேர் ‘தே’ என்று எழுதினார்கள். அவர்கள் என்றால் எவர்கள் என்று கேட்டேன். சிலர் ‘த பார்ட்டி’ என்றார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கதாநாயகன் வின்ஸ்டனின் பெயரையே எழுவாயாகப் போட்டிருந்தாள். “குறிப்பையெல்லாம் அழிக்கிறது அவருக்குச் சம்பள வேலைதானுங்களே சார்” என்றாள். உண்மைதான். வின்ஸ்டன் வேலை பார்ப்பது உண்மை அமைச்சகத்தில். பழைய செய்தித்தாள்களை இன்றைய கட்சி நிலைக்குத் தக்கபடி திருத்தி, மூலத்தை எரிந்துபோகும்படி குழிக்குள் போடுவதுதான் அவன் தொழில். நாம் பரிதாபப்படுகிற அந்த மனிதனும் மெழுகிய கைகளில் ஒன்று. இந்த நாவலை நான் அதற்குமுன் மூன்று முறை படித்திருந்தும், அந்தப் பத்தியின் எழுவாயாக அவனை நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்தது காலம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ‘ஹேட்’ என்ற சொல்லின்மேல் தனிப் பிரியம் உண்டு. நேற்று ஈரோடு போனேன் என்பதை, ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு ஈரோடு’ என்றுதான் எழுதுவார்கள். போனேன் என்பதைவிடப் போயிருந்தேன் என்பது கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம் போலும். இரண்டு இறந்தகால நிகழ்ச்சிகளில் முந்தியதற்கே அந்த வடிவம் என்று எத்தனை முறை சொன்னாலும் தேர்வுத்தாளில் திரும்பி வந்துவிடும்.

நாவலில் வின்ஸ்டனின் நாடான ஓஷியானியா என்ற வல்லரசு யுரேஷியாவோடு போரிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு யுரேஷியா நட்பு நாடாகவும் ஈஸ்டேஷியா எதிரியாகவும் இருந்தது வின்ஸ்டனுக்கு நினைவிருக்கிறது. ஆனால் கட்சியின் கணக்கு வேறு. இன்று யுரேஷியாவோடு போர் நடந்தது. ‘ஆகவே’ எப்போதும் யுரேஷியாவோடுதான் போர் நடந்துவந்திருந்தது. முதல் பகுதியில் ‘வாஸ்’, பிறகு ‘தேர்ஃபோர்’, அதன்பின் ‘ஹேட் ஆல்வேஸ் பீன்’. இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு முழுப் பாடவேளையை அதற்கே கொடுத்தேன். முன்னால் நடந்ததுதானே பின்னால் நடப்பதற்குக் காரணமாக வேண்டும்? இங்கே பின்னால் நடந்தது முன்னால் நடந்ததைப் பெற்றெடுக்கிறது. பிள்ளைக்குத் தாய் பிறந்த கதை. தவறு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கேட்டபோது, வினை வடிவங்கள் இரண்டும் இலக்கணப்படி சரியாகவே இருக்கின்றன, நடுவில் நிற்கும் ‘தேர்ஃபோர்’தான் பொய் சொல்கிறது என்று தாங்களே கண்டுபிடித்தார்கள். இணைப்புச் சொற்கள் என்ற தலைப்பில் நான் தரும் அட்டவணையை அதுவரை எவரும் இவ்வளவு சந்தேகத்தோடு பார்த்ததில்லை. வெறுப்பு வாரம் என்னும் விழாவின் நடுவே, பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரி நாட்டின் பெயர் மாறிவிடும் காட்சியை அன்று வீட்டுக்குப் படிக்கக் கொடுத்தேன். அந்த வாரத்துத் தேர்வில் ஈரோட்டுக்குப் ‘போயிருந்தவர்கள்’ குறைந்துபோனார்கள். முற்றிலும் ஒழிந்தார்கள் என்று சொன்னால் அது நான் செய்யும் உண்மை அமைச்சக வேலையாகிவிடும்.

முழு நாவலையும் ஆங்கிலத்தில் படிக்கவைத்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். சில அத்தியாயங்களை வரிவரியாகப் படித்தோம்; மற்றவற்றைத் தமிழில் கதையாகச் சொன்னேன். வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் சந்திக்கும் பகுதிகளை நான் வேகமாகக் கடந்தபோது பிள்ளைகள் அதைக் கவனிக்காமலில்லை. சித்திரவதைப் பகுதியையும் சுருக்கமாகவே சொன்னேன்.

அவர்களுக்கு மிகவும் பிடித்தது நியூஸ்பீக் என்னும் அரசாங்க மொழி. காரணம் எளிது: அந்த மொழியில் ஒழுங்கற்ற வினைகள் அநேகமாக இல்லை. ஸ்டீல் என்பதற்கு ஸ்டீல்ட், திங்க் என்பதற்குத் திங்க்ட். மூன்று பத்தி அட்டவணையை மனப்பாடம் செய்து நொந்துபோன பிள்ளைகள், “பரீட்சைக்கு இதுதானுங்க சார் தோது” என்று குதித்தார்கள். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ‘தாட்’ என்ற சொல் என்னவாயிற்று என்று கேட்டேன். நினைத்தான் என்ற வினையாகவும் அது போயிற்று, நினைப்பு என்ற பெயராகவும் அது போயிற்று. நியூஸ்பீக்கில் அப்படி ஒரு சொல்லே இல்லை. பெயருக்கும் வினைக்கும் ‘திங்க்’ ஒன்றே. ‘பேட்’ தேவையில்லை, ‘அன்குட்’ போதும். அகராதி பதிப்புக்குப் பதிப்பு மெலிந்துகொண்டே போகிறது.

நம் ஊர்த் தமிழுக்கு இப்படி ஒரு அகராதி செய்து வாருங்கள் என்று பயிற்சி கொடுத்தேன். தீய, கெட்ட, கொடிய, மோசமான, பொல்லாத ஆகிய யாவற்றையும் அடித்துவிட்டு ‘நல்லதல்லாத’ என்ற ஒன்றை வைத்தார்கள். அப்புறம்தான் சிக்கல் வந்தது. ஒரு பையனின் அப்பத்தா அவனைக் கொஞ்சும்போது ‘பொல்லாதவன்’ என்பாராம். நல்லதல்லாதவனே என்று கொஞ்ச முடியுமா? இன்னொரு குழு ‘ங்க’ வை நீக்கிவிட்டு வந்தது. வாங்க, சொல்லுங்க, சரிங்க, இல்லீங்க எதுவும் கிடையாது. அந்தத் தமிழில் ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பது என்று ஏற்பாடு. இரண்டாவது நிமிடத்தில் என்னைப் பார்த்து “சார், உக்காரு” என்று சொல்ல வேண்டி வந்த பையன், தலையைச் சொறிந்துகொண்டு நின்றானே தவிர, கடைசிவரை அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை.

சொற்கள் வழக்கொழிவது புதுமையல்ல. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்று எங்கள் பக்கத்தில் உரிமையோடு சொல்வார்கள். அந்நூலின் கடைசி நூற்பா, ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே’ என்கிறது. பிள்ளைகள் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான். என் வகுப்பில் ‘கால வகையினானே’ என்ற சொல்லில் நிறுத்தினோம். கழிதல் என்பது தானாக நடப்பது; கழித்தல் என்பது ஒருவர் செய்வது. நன்னூலில் சொற்கள் கழிகின்றன, நியூஸ்பீக்கில் கழிக்கிறார்கள். உடைந்ததும் உடைத்ததும் இங்கேயும் வந்து நின்றன.

நன்னூலைப் போலவே ஆர்வெலின் நூலும் மொழியைப் பற்றிய பேச்சோடுதான் முடிகிறது. வின்ஸ்டனின் கதை முடிந்தபின் நியூஸ்பீக்கின் இலக்கணத்தை விளக்கும் பின்னிணைப்பு ஒன்று இருக்கிறது. பலர் அதைப் புரட்டாமலே நூலை மூடிவிடுகிறார்கள். முதல் முறை நானும் மூடினேன். அமெரிக்காவின் மாத நூற்கழகம் ஒன்று அதை நீக்கிவிட்டு வெளியிடலாமா என்று கேட்டபோது, பெருந்தொகை கைநழுவும் என்று தெரிந்தும் ஆர்வெல் மறுத்துவிட்டார். அந்தப் பின்னிணைப்பு பழைய, முழுமையான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அதுவும் இறந்தகாலத்தில். நியூஸ்பீக் ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக ‘இருந்தது’ என்று தொடங்குகிறது. இதை வைத்து அந்த ஆட்சியே ஒருநாள் முடிந்துபோயிற்று என்று கொள்வோரும் உண்டு, அது வெறும் நடை என்போரும் உண்டு. நான் முதல் கட்சி.

புத்தகத்தின் ஆகக் கடைசி வாக்கியம், நியூஸ்பீக்கை முழுமையாக ஏற்கும் நாள் 2050 என்று அவ்வளவு தள்ளி வைக்கப்பட்டதற்குக் காரணம் சொல்கிறது. அதன் வினை ‘ஹேட் பீன் ஃபிக்ஸ்ட்’. நாங்கள் அத்தனை வாரங்கள் மல்லுக்கட்டிய செயப்பாட்டுவினையும் முந்தைய இறந்தகாலமும் ஒரே வினையில் வந்து உட்கார்ந்திருந்தன. அதைத் தமிழில் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ‘குறிக்கப்பட்டிருந்தது’ என்று முறையாக எழுதியிருந்தார்கள். ‘எதுக்குங்க சார்’ என்று கேட்ட அந்தப் பின்வரிசைப் பையனின் நோட்டில் மட்டும், ராசா கதையை முடிக்கும் அப்பத்தாவின் குரலில் ஒரு வரி இருந்தது: “ரெண்டாயிரத்தி அம்பதுன்னு நாள் குறிச்சு வெச்சிருந்தாங்களாம்.”