நரகாசுரன் மிட்டாய் வாங்கப் போன கதை

வணக்கம். குரல் கம்மிக் கிடக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து எண்ணெய் காய்ச்சியவள், இரவு எட்டு மணி வரை தெருத் தெருவாக நடந்திருக்கிறேன். இந்த 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31ஆம் தேதி ஒன்றாகவே வந்து இறங்கிவிட்டன.

உண்மையில் எங்கள் ஊரில் இரண்டும் மோதியிருக்கவே கூடாது. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் தலைநகரான டெ மொயினில். மற்ற ஊர்களில் குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவது 31ஆம் தேதி. இங்கே நெடுங்காலமாக அது அதற்கு முந்தின நாளாக இருந்தது. அதற்குப் பெயர் ‘பெகர்ஸ் நைட்’, பிச்சைக்காரர் இரவு. இந்தப் பெயரை முதல் வருடம் தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “அமெரிக்கா போய்ப் பிள்ளையைப் பிச்சையெடுக்க அனுப்புகிறாயா?” இந்த முறை 30ஆம் தேதி புயல் மழை என்றார்கள். நிகழ்ச்சியை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டார்கள்.

இந்த ஊரில் இன்னொரு விசேஷமும் உண்டு. மிட்டாய் சும்மா கிடைக்காது. வாசலில் நின்று குழந்தை ஒரு ஜோக் சொல்ல வேண்டும். அல்லது விடுகதை, பாட்டு, ஏதாவது. 1938இல் ஆரம்பித்த வழக்கம் இது. ஹாலோவீன் இரவு என்றால் ஊர்ப் பையன்கள் கண்டதையும் உடைத்துப் போட்டுத் திரிந்த காலம். நகரத்து விளையாட்டுத் திடல்களின் பொறுப்பில் இருந்த கேத்ரின் கிரீக் என்ற பெண்மணி, பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் இரவை ஒதுக்கி, எதையாவது செய்து காட்டி மிட்டாயைச் சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று திருப்பிவிட்டார். எனக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் என் மகனுக்கு ஐந்து வயது, தெரியாதவர் முகத்தைப் பார்த்தால் வாய் திறக்க மாட்டான். அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முதலில் வேஷத்துக்கு வருகிறேன். அவன் ஒரு மாதமாக எலும்புக்கூடு வேஷம் வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். நல்ல நாளும் அதுவுமாக வீட்டுக்குள் எலும்புக்கூடா என்று அம்மா வீடியோ அழைப்பிலேயே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பஞ்சாயத்து இரண்டு நாள் நடந்தது. கடைசியில் அவனே தீர்ப்பு சொன்னான்: “அப்படியென்றால் நான் நரகாசுரன்.” அம்மாவால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. காலையில் எண்ணெய்க் குளியல், புதுச் சட்டை, லேகியம் எல்லாம் முடிந்தது. மாலையில் கண்மையால் காதுவரை மீசை வரைந்தேன். அட்டையில் கிரீடம் செய்து, பலகாரம் வந்த டப்பாவின் தங்கக் காகிதத்தை ஒட்டினேன். வெளியே எலும்பு வரை துளைக்கிற காற்று. குளிர்ச் சட்டையைப் போட்டு அதன் மேல் என் பழைய பட்டுத் துப்பட்டாவைச் சுற்றியதில், அசுரன் உப்பிப்போய் ஒரு தலையணைபோல இருந்தான். பார்த்தவர்கள் எல்லாரும் கடற்கொள்ளைக்காரனா என்றுதான் கேட்டார்கள். தன் பெயரை நான்கு முறை விளக்கிப் பார்த்துவிட்டு, ஐந்தாவது வீட்டில் ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

சின்னவளுக்கு இரண்டு வயது, பூசணிக்காய் வேஷம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அழகாக இருந்தாள், பாதி வழியில் தூங்கிவிட்டாள்.

பூசணிக்காய் என்றதும் நினைவு வருகிறது, போன வருடம் நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். முகம் செதுக்குவதற்கென்று விற்கிற பெரிய பூசணியின் சதையை வீணாக்கக் கூடாதென்று கூட்டு வைத்தேன். நார் நாராக, தண்ணீராக, ஒரு ருசியும் இல்லை. சமையலுக்குச் சின்னப் பூசணி தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பெரியதில் விதையை மட்டும் எடுத்துக் கழுவி, உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி ஓவனில் வறுத்தால் போதும். மேல் மூடியை அறுக்கும்போது கத்தியை உள்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அறுத்தால் மூடி உள்ளே விழுந்துவிடும். இதோ பாருங்கள், எங்கள் வாசல் பூசணி. மூக்கு இவ்வளவு பெரிதாக நான் செதுக்கவில்லை, அணில் தின்றுவிட்டது.

சரி, ஜோக்குக்கு வருகிறேன். பள்ளியில் ஒன்று கற்றுக்கொண்டு வந்திருந்தான். எலும்புக்கூடு ஏன் நடனத்துக்குப் போகவில்லை? கூட வர ‘நோபடி’. யாரும் இல்லை என்றும் பொருள், உடம்பு இல்லை என்றும் பொருள். முதல் வீட்டுப் பெண்மணி, அவன் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டார். அன்று மாலை அவர் காதில் அது பத்தாவது முறையாக விழுந்திருக்கும். இவன் முகம் சுருங்கிப்போய், மீசையோடு என் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டான்.

அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது, சின்ன வயதில் என் பாட்டி போட்ட விடுகதையை அவன் காதில் சொன்னேன். சிவப்புப் பைக்குள் சில்லறை கொட்டிக் கிடக்கிறது, அது என்ன? மிளகாய் வற்றல். சமையலறையிலிருந்து நான் ஒரு வற்றலைக் கொண்டுவந்திருக்கிறேன், கேட்டுப் பாருங்கள். கலகலவென்கிறது இல்லையா? இதை ஆங்கிலத்தில் சொன்னால் ஒரு சேதாரமும் இல்லை. அயோவாவில் யாரும் கேட்டதும் இல்லை! ஒவ்வொரு வாசலிலும் பெரியவர்கள் நின்று யோசித்தார்கள். ஸ்ட்ராபெர்ரி, தக்காளி, சாண்டா கிளாஸின் பை என்றெல்லாம் சொன்னார்கள். இவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இல்லை, இல்லை” என்று தலையாட்டினான். அப்போதுதான் உண்மையிலேயே அசுரன் மாதிரி இருந்தான்.

சின்னவளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதால் எனக்கு இந்த இரவில் எப்போதும் ஒரு கண் பையின் மேலேயே இருக்கும். வாசலில் பச்சை கலந்த நீல நிறப் பூசணி வைத்திருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று அர்த்தம். 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவிய ஏற்பாடு. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் இருந்தது. தூங்குகிறவள் கையில் ஒரு சோப்புக் குமிழிக் குப்பியை வைத்தார்கள், தூக்கத்திலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி வீடு, எங்களுக்கு எதிர்வீட்டுத் தாத்தா. விடுகதையைக் கேட்டுவிட்டுக் கதவில் சாய்ந்து நெடுநேரம் யோசித்தார். அதற்குள் சின்னவள் விழித்து வீறிட்டாள். மிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டோம், விடையைச் சொல்லவே இல்லை.

இன்று காலை குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தார்.

“மாதுளம்பழமா?”

நல்ல விடைதான். ஆனாலும் விடை சொல்ல நான் யார்? நரகாசுரன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான், மாலையில் வந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.