வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர்: விண்ணப்பிக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்திலோ வேறு பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து, வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்காக இன்று பேசுகிறேன். பெற்றோரும் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது.

எந்த நாடு பிடிக்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம். நமது கடவுச்சீட்டுக்கு ஆசிரியர் விசா தரும் நாடு எது என்பதை முதலில் பாருங்கள். தென்கொரியாவின் ஈ-2 விசா, ஆங்கில ஆசிரியர்களைப் பொறுத்தவரை, பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு திறமாக இருந்தாலும் அங்கே பார்ப்பது குடியுரிமையை. அதில் காலத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது மாலைதீவு. அந்நாட்டு மொழியான திவெஹியும் இஸ்லாமும் தவிர்ந்த பாடங்கள் அங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மேல் வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறார்கள். இலங்கை ஆசிரியர்கள் நெடுங்காலமாகவே அங்கே வேலை செய்கிறார்கள். ஆனால் பட்டத்தோடு ஆசிரியப் பயிற்சித் தகைமையும் கேட்கும் அறிவிப்புகள் நிறைய. வியட்நாமுக்கும் பட்டத்தோடு கற்பித்தல் சான்றிதழ் வேண்டும். தாய்லாந்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கான நொன்-பி விசா, வேலை அனுமதிப்பத்திரம் இரண்டும் தேவை.

கற்பித்தல் சான்றிதழ் என்றால் எல்லாம் ஒன்றல்ல. செல்ட்டா என்ற கேம்பிரிட்ஜ் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் 6 மணித்தியாலம் படிப்பித்துக் காட்ட வேண்டும். இணையத்தில் விற்கிற 120 மணித்தியால டெஃப்ல் என்ற ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ்கள் பலவற்றில் வகுப்பறையே கிடையாது. அந்த வித்தியாசம் ஆள் எடுக்கிறவர்களுக்குத் தெரியும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு 2 வருடத்துக்குத்தான் செல்லும். மற்றக் கடதாசிகள் கைக்கு வரும் நேரம் பார்த்து அதை எழுதுங்கள்.

கூடுதலானவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் அதே பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் விழுந்திருக்கும். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பவர் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கில எழுத்துப் போட்டால், ஒரே பிள்ளை கடதாசியில் மூன்று ஆளாகிவிடுவார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, அந்த எழுத்தின்படியே எழுதச் சொல்லுங்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் பெயர் கேட்கும் படிவத்தையும் அப்படியே நிரப்புங்கள். சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

இன்னொன்று, சான்றிதழ்களை லெமினேற் பண்ண வேண்டாம். மேலே பிளாஸ்டிக் ஒட்டினால் முத்திரை குத்தவோ கையெழுத்து வைக்கவோ முடியாது. வெளிநாட்டில் அவற்றை ஏற்க, முதலில் அவற்றை வழங்கிய நிறுவனத்தின் உறுதிப்படுத்தல், அடுத்து வெளிநாட்டு அமைச்சின் கொன்சியுலர் அத்தாட்சி, அதன்பின் போகிற நாட்டின் தூதரகம் என்பதே வழமையான ஒழுங்கு. கொன்சியுலர் வேலைக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்குப் புறப்படும் முன் அங்கே விசாரியுங்கள். பொலிஸ் அறிக்கை வேறு எடுக்க வேண்டும். கிராம சேவகரின் நற்சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

அனுபவம் இல்லையே என்று சோர வேண்டாம். மூதூரிலோ கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ ஒரு பாடசாலையில் ஒரு தவணை உதவியாகப் படிப்பித்தாலும் அது அனுபவம்தான். அதிபரிடம் கடிதம் வாங்கும்போது தரம், வாரத்துக்கு எத்தனை பாடவேளை, தொடங்கிய திகதி, முடித்த திகதி நான்கும் இருக்கட்டும். ‘நல்ல பிள்ளை’ என்று மட்டும் எழுதின கடிதம் உதவாது.

நேர்முகத்தில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடம் இலக்கண விதி சொல்லி முடித்துவிடுகிறவர்கள்தான் கூட. பிள்ளைகளுக்கு வாய் திறக்க இடமே கிடைக்காது. ‘அவள் 2019 இலிருந்து மாலேயில் வசிக்கிறாள்’ என்ற ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் பலகையில் எழுதுங்கள். கீழே ஒரு காலக்கோடு கீறுங்கள். ‘விளங்கிச்சா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘அவள் இப்பவும் மாலேயில் இருக்கிறாளா?’ என்று கேளுங்கள். யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும். மிச்ச நேரம் பிள்ளைகள் தங்களைப் பற்றி அதே அமைப்பில் பேசட்டும்.

முகவர் மூலம் போனால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்துங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ‘சுற்றுலா விசாவில் வாங்கோ, பிறகு மாற்றலாம்’ என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஒப்பந்தத்தில் சம்பளம் எந்த நாணயத்தில், தங்குமிட வாடகை யார் பொறுப்பு, விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டை முதலாளி வைத்துக்கொள்வார் என்ற வரி இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். புறப்படும் முன் பணியகத்தில் பதிவை முடித்து, ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு மூன்றின் பிரதியையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.